இரு குழுக்களும் ஒரு குழலும்



இசைக்குழு ஒன்று எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு உயர்கிறது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒருவர் தனியே பாடுவதற்கு நல்ல குரலும் பயிற்சியும் இருந்தால் போதும். நால்வர் கூடி இசைப்பதற்கோ அவை மட்டும் போதா. ஒருவர் குறையை மற்றவர் தாங்கிக்கொள்ளும் மனமும் உடன் வேண்டும். இதனை நான் நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே மிகுதி. பட்ட கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் திருவாடானையில் பிறந்து வளர்ந்தவன். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற ஊர் அது. கிழக்கே சிறிது தொலைவு சென்றால் தொண்டிக் கடற்கரை. என் இளமையில் எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகள் சிலவே. மாலையில் கடற்காற்று எழும் நேரத்தில் அப்பெட்டிகளில் இலங்கை வானொலி மிகத் தெளிவாகக் கேட்கும். திண்ணையில் கூடி அமர்ந்து பாட்டுக் கேட்ட சிறுவர்களுள் நானும் ஒருவன். இசை எங்களுக்கு அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. ஆகவே வானொலிப் பெட்டி ஒன்று விற்கப்பட்ட கதையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

அந்தப் பெட்டி இருந்த ஊர் பண்ணைப்புரம். இன்றைய தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். அங்கே வரதராஜன் என்னும் பாட்டாளிக் கவிஞர் ஒருவர் இருந்தார். மக்கள் அவரைப் பாவலர் வரதராஜன் என்று அழைத்தனர். அவர் பொதுவுடைமை இயக்கத்தின் பாடகர். மக்கள் நாவில் ஏற்கெனவே பழகிப்போன மெட்டுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் தம் சொற்களை அமைத்து மேடைதோறும் பாடுவார். மெட்டுத் தெரிந்ததாக இருந்தமையால் கேட்டவர் உடனே உடன் பாடினர். சொல் புதியதாக இருந்தமையால் பாடி முடித்தபின் சிந்தித்தனர்.

1958-ஆம் ஆண்டில் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடைபெற்றது. அத்தொகுதியில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் வாழ்ந்தனர். பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அம்மையாருக்காகப் பாவலர் அங்கே சென்று பாடினார். நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வந்த மக்கள், தம் மொழியில் தம் துயரைப் பாடிய குரலைக் கேட்டனர். அம்மையார் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று பலரும் பேசினர்.

பாவலருக்குத் தம்பியர் மூவர். மூத்தவர் பாஸ்கர். அடுத்தவர் 1943-இல் பிறந்த ராசையா. இளையவர் அமர்சிங். மூவரும் ஒருவர்பின் ஒருவராக அண்ணனோடு மேடையேறினர். பாவலர் சகோதரர்கள் என்னும் குழு இவ்வாறு அமைந்தது. ராசையா அண்ணனோடு சேர்ந்தபோது அவருக்கு வயது பதினான்கு. அதன்பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அக்குழு தென்னாட்டின் ஊர்களிலெல்லாம் பாடித் திரிந்தது. மேடை என்றால் பந்தலும் பளிங்குத் தரையும் என்று எண்ணிவிடாதீர்கள். மாட்டுவண்டியைச் சாய்த்துப் பலகை போட்டாலும் அதுதான் மேடை.

இங்கே ஒரு நிகழ்ச்சியை நீங்கள் உன்னிக்க வேண்டும். சிறுவன் ராசையா தொடக்கத்தில் பெண்குரலில் பாடிக் கைதட்டல் பெற்றவன். வயது ஏறியது, குரல் உடைந்தது. அதுவரை அவனுடைய செல்வமாக இருந்தது ஒருநாள் இல்லாமற் போயிற்று. குழுவில் இனி அவனுக்கு என்ன வேலை? அண்ணனுடைய ஆர்மோனியம் அங்கே இருந்தது. அதனைத் தம்பியர் தொடக் கூடாது என்று கண்டிப்பு உண்டு. தொட்டால் பிரம்படியும் உண்டு. ஆயினும் அண்ணன் வெளியே சென்ற வேளைகளில் தம்பி கட்டைகளைத் தடவித் தடவிப் பழகியிருந்தான். குரல் போனபோது அந்தக் கள்ளப் பழக்கமே கைகொடுத்தது. குழுவின் ஆர்மோனியக்காரன் ஆனான். பாட முடியாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், அவனுக்கு வேறோர் இடம் திறந்தது அக்குழு. இதனை நினைவில் வைத்திருங்கள். நான் திரும்பவும் இந்த இடத்துக்கு வருவேன்.

1968-ஆம் ஆண்டளவில் தம்பியர் சென்னைக்குப் புறப்பட எண்ணினர். திரைப்பட இசையில் நுழைய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கையில் பணம் இல்லை. தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்றார். அத்தொகையில் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் மக்கள் கையில் கொடுத்தார். இதனை இளையராஜா பலமுறை நெகிழ்ந்து கூறியிருக்கிறார். ஆம், அந்த ராசையாதான் பின்னாளில் இளையராஜா ஆனவர். வீட்டில் ஒலித்த ஒரு வானொலியை அந்தத் தாய் விற்றார். பிற்காலத்தில் நாட்டில் இருந்த வானொலிப் பெட்டிகளெல்லாம் அவர் மகனுடைய பாட்டை ஒலித்தன.

சென்னை அவர்களுக்குக் கதவைத் திறந்து காத்திருக்கவில்லை. நாடகங்களுக்கு வாசித்தனர். கிடைத்த இடத்தில் தங்கினர். அந்நாளில் தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியரிடம் ராசையா மேலைநாட்டு இசையைக் கற்றார். இசையைக் காதால் கேட்டு நினைவில் வைப்பது நம் மரபு. அதனைத் தாளில் குறியீடுகளாக எழுதி, பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறாக வாசித்து ஒன்றாக இணைவது அவர்கள் மரபு. வயற்காட்டுப் பாட்டைக் கேட்டு வளர்ந்த செவி, பாக், பேத்தோவன் போன்ற மேதைகளின் எழுத்தையும் படிக்கப் பழகியது. கிடார்க் கருவியில் இலண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வை எழுதித் தங்கப் பதக்கமும் பெற்றார். கன்னடத் திரையுலகில் புகழ்பெற்றிருந்த இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல படங்களில் பணியாற்றினார். எட்டு ஆண்டுகள் இவ்வாறு பிறருக்காக வாசித்தும் எழுதியும் கழிந்தன.

1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. அவ்வாய்ப்பைத் தந்தவர் கதாசிரியர் பஞ்சு அருணாசலம். கவிஞர் கண்ணதாசனின் அண்ணன் மகனாகிய அவர், எங்கள் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மண்ணின் மைந்தர் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு. ராசையா என்ற பெயரை மாற்றி, திரையுலகில் ஏற்கெனவே ஏ. எம். ராஜா இருந்தமையால், இளையராஜா என்று பெயர் சூட்டியவரும் அவரே. தமையன் பாவலர் அந்த வெற்றியைக் காண உயிரோடில்லை. தம்பி அமர்சிங் கங்கை அமரன் என்ற பெயரில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் இயக்குநராகவும் விளங்கினார். இளையராஜா ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் அவர் இயற்றிய 'வேலியண்ட்' என்னும் சிம்பொனி இலண்டன் மாநகரில் அரங்கேறியது. சாய்த்த வண்டியிலிருந்து இலண்டன் அரங்கு வரை நீண்ட பயணம் அது.

மாணவ நண்பர்களே, இலண்டனைச் சொன்னோம். இனி இங்கிலாந்தின் மற்றொரு நகருக்குப் போவோம். பாவலர் சகோதரர்கள் சென்னைக்கு வண்டியேறிய அதே 1968-இல், பர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரில் நான்கு இளைஞர் ஒன்று சேர்ந்தனர். டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்டு, ஆசி ஆஸ்போர்ன் என்பன அவர்கள் பெயர்கள். நால்வரும் ஆஸ்டன் என்னும் தொழிலாளர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். ஆஸ்போர்ன் சிறிதுகாலம் இறைச்சிக் கூடத்திலும் வேலை பார்த்தவர். 'பிளாக் சப்பாத்' என்ற பெயரில் உலகம் அறிந்த குழு இதுவே. தாங்கள் பயின்ற இடத்துக்கு எதிரே இருந்த திரையரங்கில் ஓடிய ஒரு பேய்ப்படத்தின் பெயரையே தம் குழுவுக்கு அவர்கள் சூட்டிக்கொண்டனர். அச்சுறுத்தும் படத்தைக் காணக் காசு கொடுத்து மக்கள் வரிசையில் நிற்கிறார்களே, அச்சுறுத்தும் இசையை ஏன் கேட்கமாட்டார்கள் என்று அவர்கள் எண்ணினர்.

அவர்களுடைய இசையை ஹார்டு ராக் என்றும் ஹெவி மெட்டல் என்றும் கூறுவர். கனத்த, தாழ்ந்த, இடிபோன்ற ஓசை அது. நம்மில் பலருக்கு முதற்கேள்வியில் அது இரைச்சலாகவே தோன்றலாம். ஆனால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் காதைப் பொத்தத் தோன்றாது.

டோனி அயோமி தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். 1965-இல், பதினேழாம் வயதில், அவர் அவ்வேலையை விட்டு விலகும் கடைசி நாள் அது. நண்பகலில் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விரும்பவில்லை. தொடங்கிய நாளை முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பினார். அன்று பிற்பகல் இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். ஆதலால் கிடாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை வலக்கை. இனி வாசிக்க இயலாது என்றே மருத்துவர் கூறினர்.

அப்போது அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டோடு அவரைக் காண வந்தார். இதைக் கேள் என்றார். கேட்கும் மனநிலை அவருக்கு இல்லை. ஆயினும் வற்புறுத்தலுக்காகக் கேட்டார், வியந்தார். அதில் கிடார் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்றும், தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலற்றுப் போனவர் என்றும், எஞ்சிய விரல்களால் வாசித்தே ஐரோப்பாவை மயக்கியவர் என்றும் மேற்பார்வையாளர் அதன்பிறகே சொன்னார். அயோமி எழுந்தார். ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறைபோல் வார்த்தார். அதன்மேல் தோல்துண்டு ஒட்டினார். அவ்வுறையணிந்த விரலால் இறுகிய தந்தியை அழுத்துவது கடினம். எனவே மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டினார். பின்னாளில் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார்.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதன் விளைவை எளிதில் சொல்லிவிடுவர். தந்தியின் இழுவிசை குறைந்தால் அதிர்வெண் குறையும்; அதிர்வெண் குறைந்தால் சுருதி தாழும். நோகும் விரலுக்காகச் செய்த தளர்ச்சி, இசைக்கு ஓர் ஆழத்தைத் தந்தது. 1971-இல் வெளிவந்த அவர்களுடைய மூன்றாம் இசைத்தட்டில் இவ்வாறு தாழ்த்திய சுருதியைத் தெளிவாகக் கேட்கலாம். முதல் தட்டு 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது. அதன் பதிவு பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்தது. அதே ஆண்டில் வந்த இரண்டாம் தட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அவர்களைப் பின்பற்றி எழுந்த குழுக்கள் எண்ணற்றவை. அவர்களுக்குள் பிணக்குகளும் நேர்ந்தன. மதுவும் போதையும் அக்குழுவை அரித்தன. 1979-இல் ஆஸ்போர்ன் விலக்கப்பட்டார். அதையும் மறைக்காமல் சொல்வதே முறை. பல்லாண்டுகளுக்குப் பின் நால்வரும் 2025 ஜூலை 5-ஆம் நாள் தாங்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் கடைசி முறையாகக் கூடி இசைத்தனர். நடக்க இயலாத நிலையில் இருந்த ஆஸ்போர்ன் இருக்கையில் அமர்ந்தபடி பாடினார். அம்மாதம் 22-ஆம் நாள் அவர் மறைந்தார்.

பண்ணைப்புரத்துக்கும் பர்மிங்ஹாமுக்கும் என்ன தொடர்பு? மொழி வேறு, இசை வேறு, வாழ்க்கைமுறை வேறு. ஆயினும் ஒப்பிட்டு நோக்குங்கள். இரண்டும் உழைக்கும் மக்களிடையே பிறந்த குழுக்கள். இரண்டிலும் ஒருவனுக்கு ஓர் இழப்பு நேர்ந்தது; ஒருவனுக்குக் குரல் போயிற்று, மற்றவனுக்கு விரல் போயிற்று. அந்த இழப்பு அவர்கள் கதையின் முடிவாகவில்லை. ஏன் ஆகவில்லை? அவர்களுடைய திறமை ஒரு காரணம். ஆனால் அண்டையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. ஓர் இசைத்தட்டோடு கதவைத் தட்டிய ஒருவர் இருந்தார். இவை இல்லாதிருந்தால் அத்திறமை என்னவாகியிருக்கும்? இந்த வினா எனக்கு வெறும் ஆராய்ச்சி வினா அன்று. இனி என் கதையைச் சொல்கிறேன்.

1974-இல் திருவாடானையில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்தோம். ஒருவன் ஆர்மோனியம், ஒருவன் டோலக்கு, ஒருவன் புல்லாங்குழல். நான் பாடினேன், நான்தான் தலைவன் என்று நானே எண்ணிக்கொண்டும் இருந்தேன். சுற்றுவட்டாரத்துக் கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் எங்களுக்கு மெல்ல மெல்ல அழைப்பு வந்தது. எங்களுள் உண்மையான கலைஞன் குழல் வாசித்தவனே. அவன் பகலில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தான்.

மறு ஆண்டு, அந்த ஆலையின் வாரில் அவனுடைய வலக்கை மோதிரவிரல் சிக்கி நுனி போயிற்று. குழலின் துளையை மூடுவது விரலின் நுனியன்றோ? காயம் ஆறியபின் அவன் எங்கள் ஒத்திகைக்கு வந்தான். நாங்கள் அவனிடம் மிகுந்த இரக்கத்தோடு பேசினோம். "நீ சிரமப்பட வேண்டாம் பங்காளி, பாட்டு நோட்டைப் பார்த்துக்கொள், போதும்" என்றேன். அவன் தலையசைத்தான். இரண்டு நாள் வந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் வரவில்லை. நாங்கள் தேடிச் செல்லவுமில்லை. அடுத்த திங்களில் திருமண வீடொன்றில் வாசிக்க வேண்டியிருந்தமையால், வேறு ஊரிலிருந்து குழல் வாசிக்கும் சிறுவன் ஒருவனை அழைத்துவந்தோம். அவன் குழல் சுருதி சேரவில்லை. எங்கள் மனமும் சேரவில்லை. 1976-இல், 'அன்னக்கிளி'ப் பாடல்கள் எங்கள் ஊர் ஒலிபெருக்கிகளில் முழங்கிய அதே ஆண்டில், எங்கள் குழு கலைந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றுவிட்டேன்.

நெடுங்காலம் கழித்து, ஓய்வு பெற்ற பின்னர், அயோமியின் வரலாற்றை ஒரு நூலில் படித்தேன். உருக்கிய பிளாஸ்டிக் உறையைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் மேலே படிக்க இயலவில்லை. மறுநாள் தொண்டிச் சாலையில் சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் என் நண்பனிடம் சென்றேன். கதை முழுவதையும் சொன்னேன். அவன் சீனியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டான். பிறகு சொன்னான்:

"நானும் அப்போது ஒன்று செய்து பார்த்தேன், பங்காளி. புதிதாக ஒரு மூங்கில் எடுத்து, அந்த ஒரு துளையை மட்டும் சற்றுச் சாய்த்து, விரல் எட்டுகிற இடத்தில் போட்டேன். ஆறு மாதம் பழகினேன். வாசிக்க வந்துவிட்டது. ஆனால் அதற்குள் நீங்கள் வேறு ஆளை வைத்துவிட்டீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லையே."

அவன் குரலில் சினம் இல்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நாங்கள் கொடியவர்கள் அல்லோம். அவனுக்காக வருந்தினோம், அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீரும் விட்டோம். ஆனால் அந்த இரக்கத்திற்குள்ளேயே ஒரு தீர்ப்பும் இருந்தது. உன்னால் இனி முடியாது என்று அவனைக் கேளாமலே நாங்கள் முடிவு செய்திருந்தோம். மருத்துவர் கூறியதைக் கேட்டுவிட்டு அந்த மேற்பார்வையாளரும் பழங்களை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். அவர் இசைத்தட்டை எடுத்துச் சென்றார். இரண்டுக்கும் உள்ள தொலைவைத்தான் இவ்வளவு நேரமும் உங்களுக்குக் காட்ட முயன்றேன்.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் இசைக்குழு அமைப்பீர்கள். சிலர் நாடகக் குழு, விளையாட்டுக் குழு, ஆராய்ச்சிக் குழு என்று அமைப்பீர்கள். எல்லாக் குழுக்களிலும் ஒருநாள் ஒருவருக்குக் குரல் உடையும், அல்லது விரல் போகும். அந்நாளில் அவரிடம் இரக்கத்தோடு பேசுங்கள், பேசிய கையோடு ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "இனி எப்படிச் செய்யலாம் என்று நீ நினைக்கிறாய்?" விடை அவரிடமே இருக்கக்கூடும். என் நண்பனிடம் இருந்தது.

அன்று நான் புறப்படும்போது, அந்தக் குழல் எங்கே என்று கேட்டேன். கடையின் உள்ளே, கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால், துணியில் சுற்றி வைத்திருந்தான். எடுத்து, தூசி தட்டி, சிறிது நேரம் வாசித்தான். மூச்சு முன்போல் இல்லை. ஆனால் சாய்ந்த அந்தத் துளையின் சுரம் தவறாமல் ஒலித்தது. சீனி வாங்க வந்த சிறுவன் ஒருவன் காசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டான். இப்போது மாலை வேளைகளில் அச்சிறுவனும் அவன் தங்கையும் அந்தக் கடையில் குழல் பயில்கிறார்கள். சுருதி பிடிக்க நானும் போய் உட்காருகிறேன்.